முதலில் ஓர் அறை: செஞ்சி கட்டப்போகும் விடுதிகளும் புதுச்சேரி கோல்கோண்டும்

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் நடந்த யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழுவின் 47ஆவது அமர்வு, மராட்டியர் கால இராணுவ நிலப்பரப்பு என்ற வகையில் இந்தியாவின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளன. தமிழ்நாட்டுக்கு உரியது ஒன்றே ஒன்று, செஞ்சி.

கோன்களும் நாயக்கர்களும் பீஜப்பூர் சுல்தான்களும் ஆண்ட கோட்டை இது. 1677இல் சிவாஜி இதைக் கைப்பற்றினார். பின்னர் அவர் மகன் ராஜாராம் இங்கே அடைக்கலம் புகுந்து, 1698 வரை ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் முகலாயப் படையின் முற்றுகையைத் தாங்கினார். தேசிங்கு ராஜன் கதையால் தமிழ்நாட்டின் பட்டிதொட்டியெல்லாம் அறிந்த ஊர் இப்போது உலக வரைபடத்தில் ஏறியிருக்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்ற மூன்று குன்றுகளையும் அவற்றை இணைக்கும் நெடுமதிலையும் பார்க்க இனி வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். வருகிறவர்கள் இரவு எங்கே தங்குவார்கள்?

இன்றைய வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சென்னையிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ விடியற்காலையில் கிளம்பி, வெயில் ஏறுமுன் ராஜகிரியில் ஏறி இறங்கி, பிற்பகலில் திருவண்ணாமலைக்கோ வந்த வழியிலோ போய்விடுகிறார்கள். ஊரில் இருக்கும் லாட்ஜுகள் வியாபாரிகளையும் கல்யாணத்துக்கு வரும் உறவினர்களையும் நம்பி நடப்பவை. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலக் கூட்டம் இந்தச் சாலையில்தான் போகிறது. அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் கூட்டமும் செஞ்சியைத் தொட்டுத்தான் போகிறது. இந்த இரண்டோடு உலகப் பாரம்பரியப் பெயரும் சேர்ந்துவிட்ட பிறகு, அடுத்த பத்தாண்டில் இங்கே தங்கும் விடுதிகள் எழும்பும் என்பதில் ஐயமில்லை. அவை எப்படி எழும்பும் என்பதே இந்தக் கட்டுரையின் அக்கறை.

நம் சிற்றூர்களில் புதிதாகக் கட்டப்படும் லாட்ஜுக்கு ஒரு வார்ப்பு ஏற்கெனவே இருக்கிறது. சாலையைப் பார்த்த முகப்பு முழுக்கக் கண்ணாடியும் அலுமினியத் தகடும். நடுவில் பகலிலும் விளக்கு எரியும் நடை, அதன் இருபுறமும் அறைகள். ஒவ்வோர் அறைக்கும் ஒரே ஒரு சன்னல், அதுவும் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்தபடி. பின்புறச் சுவரெங்கும் ஏ.சி. இயந்திரத்தின் வெளிப்பெட்டிகள். எதிர்த்திசையில் இன்னொரு வார்ப்பும் உண்டு. வரலாற்று ஊர் என்பதற்காகக் கான்கிரீட் சுவரின்மேல் கொத்தளமும் வளைவும் ஒட்டவைத்து, கோட்டை போலவே வேடம் கட்டும் வார்ப்பு அது. 1956இல் டெல்லியில் நடந்த யுனெஸ்கோ பொது மாநாட்டுக்காக இந்திய அரசு எழுப்பிய அசோக் ஓட்டலே, நவீன உடலுக்குப் பழைய அரண்மனை அணிகளைப் பூட்டிய கட்டடம்தான். இரண்டு வார்ப்புகளும் ஒரே இடத்தில் தவறுகின்றன. கட்டடம் வெளியே எப்படித் தெரியவேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, உள்ளே மனிதர் எப்படித் தூங்குவார் என்பதை இயந்திரத்திடம் விட்டுவிடுகின்றன.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதைக் காணச் செஞ்சியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் போனால் போதும். புதுச்சேரியில், கடற்கரையிலிருந்து சில நிமிட நடைத் தொலைவில் நிற்கும் ‘கோல்கோண்ட்’ அந்த வழியின் முழுமையான சான்று. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் தங்குமிடமான இது, இந்தியாவில் எழுந்த முதல் நவீனக் கான்கிரீட் கட்டடங்களுள் ஒன்று. கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே சண்டிகரில் கால்வைப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இதில் ஆட்கள் குடியிருந்தார்கள்.

டோக்கியோ ஓட்டலிலிருந்து புதுச்சேரிக்கு

கோல்கோண்டின் கதை தொடங்குவது ஒரு மாநகர ஓட்டலில். இன்றைய செக் நாட்டின் கிளாட்னோ நகரில் 1888இல் பிறந்த அதன் வடிவமைப்பாளர் அந்தோனின் ரேமண்ட், அமெரிக்கா சென்று கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட்டிடம் வேலை பார்த்தவர். ரைட் டோக்கியோவில் கட்டிக்கொண்டிருந்த இம்பீரியல் ஓட்டலுக்காக 1919இன் இறுதியில் ஜப்பான் போய்ச் சேர்ந்தார். அந்த ஓட்டல் 1923 செப்டம்பர் 1 அன்று திறப்பு விழா கண்டது. அன்றுதான் கான்டோ நிலநடுக்கம் டோக்கியோவைத் தரைமட்டமாக்கியது. ஓட்டல் தப்பி நின்றதால் ரைட்டின் புகழ் உலகெங்கும் பரவியது.

ரேமண்ட் அதற்கு முன்பே ரைட்டைவிட்டு விலகியிருந்தார். செதுக்கு வேலை நிரம்பிய அந்தக் கட்டட பாணி ஜப்பானிய மண்ணுக்கும் வாழ்முறைக்கும் ஒட்டவில்லை என்பது அவர் எண்ணம். ஜப்பானியத் தச்சரின் மரவீட்டில் அவர் வேறொன்றைக் கண்டார். தள்ளித் திறக்கும் தட்டிகள், பூச்சில்லாத மரம், தேவைக்கு மேல் ஒன்றும் இல்லாத அறை, தோட்டத்தை உள்ளே அழைக்கும் திறப்பு. இந்தக் குணங்களைக் கான்கிரீட்டில் கொண்டுவர முடியுமா என்பதே பின்னாளில் அவருடைய தேடலாக இருந்தது. 1924இல் டோக்கியோவின் ரெய்னன்சாகா பகுதியில் அவர் தமக்காகக் கட்டிக்கொண்ட வீடு, பூசாத கான்கிரீட்டை வெளிப்படையாகக் காட்டிய உலகின் தொடக்க கால வீடுகளில் ஒன்று.

அதே காலத்தில் ஜப்பானில் இருந்தவர் பிலிப் பார்பியே செந்திலேர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். ரேமண்டை அறிந்தவர். பிறகு புதுச்சேரி வந்து ஆசிரமத்தில் சேர்ந்து பவித்ரா என்ற பெயர் பெற்றார். 1926இல் உருவான ஆசிரமத்தில் 1930களின் நடுவில் ஆட்கள் பெருகியதால் தங்கும் கட்டடம் ஒன்று தேவைப்பட்டது. ஆசிரமத்தின் தலைவியான ஸ்ரீ அன்னை ரேமண்டைத் தேர்ந்ததில் பவித்ராவின் அறிமுகத்துக்குப் பங்கு உண்டு. ஹைதராபாத் சமஸ்தான அரசில் உயர்பதவி வகித்து, பின்னர் அதன் பிரதமரான சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நிஜாமிடமிருந்து ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை வந்தது. ஹைதராபாத்தின் கோல்கொண்டாவை நினைவுகூர்ந்து கட்டடத்துக்குப் பிரெஞ்சு வடிவில் பெயர் வைக்கப்பட்டது.

ரேமண்ட் 1935இல் வரைபடத்தைத் தொடங்கினார். தம் டோக்கியோ அலுவலகத்திலிருந்து ஜார்ஜ் நகஷிமாவைப் புதுச்சேரிக்கு அனுப்பினார். அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியரான நகஷிமா, தள மேற்பார்வையாளராக வந்து ஆசிரமவாசியாகவே மாறினார். சம்பளம் வேண்டாம் என்றார். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தர் என்று பெயரிட்டார். பாரிஸில் லெ கொர்புசியேயிடமும் பிறகு சோவியத் ஒன்றியத்திலும் வேலை செய்த செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஃபிரான்டிசெக் சாமர் மூன்றாவது ஆள். 1938இல் ரேமண்டும் குடும்பத்தோடு வந்து பல மாதங்கள் தங்கினார். செக் நாட்டில் பிறந்த இருவர், ஒரு ஜப்பானிய அமெரிக்கர், ஒரு பிரெஞ்சுப் பொறியாளர், அவர்களோடு வங்காளத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்த சாதகர்கள், உள்ளூர்க் கொத்தனார்கள், தச்சர்கள் எனப் பலரும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஒரு தமிழ் நகரத்தில் சேர்ந்து கட்டினார்கள்.

கண்ணாடி இல்லாத கட்டடம்

கோல்கோண்டின் நீள முகத்தில் சுவர் என்று சொல்லத்தக்கதே குறைவு. தளத்துக்குத் தளம், முனைக்கு முனை, கிடைமட்டமாக அடுக்கிய லூவர் பலகைகள்தான் அதன் மேனி. கல்நார் சிமெண்டால் செய்த இந்தப் பலகைகளை உள்ளிருந்தே சாய்க்கலாம், நிமிர்த்தலாம், மூடலாம். கண்ணாடிச் சன்னலே கிடையாது.

கட்டடம் நிற்கும் திசைதான் இதன் அடிப்படை. நீண்ட இரு முகங்களும் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. குறுகிய முனைகள் கிழக்கிலும் மேற்கிலும். நம் ஊரில் காலை, மாலை வெயில்தான் தடுக்க முடியாதது. சூரியன் தாழ்ந்து நிற்பதால் எந்தச் சன்ஷேடும் அதை மறைக்காது. மேற்கு பார்த்த படுக்கையறையில் ஒரு கோடையைக் கழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வடக்கு, தெற்கு முகங்களிலோ வெயில் மேலிருந்து சரிவாக விழுகிறது. 12 டிகிரி வட அட்சத்தில் இருக்கும் புதுச்சேரியிலும் செஞ்சியிலும், ஏப்ரல் பின்பகுதி முதல் ஆகஸ்ட் பின்பகுதிவரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நகர்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே நிற்கிறது. ஆக இரு முகங்களும் முறைவைத்து வெயில் வாங்கும். உயரத்திலிருந்து விழும் அந்த வெயிலைக் கிடைமட்டப் பலகை எளிதில் வெட்டிவிடும். வெயில் வெளியே நிற்க, காற்றும் கூசாத வெளிச்சமும் மட்டும் உள்ளே வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பலகையை மூடிவிட்டால் முகமே சுவராகிவிடும்.

இரண்டாவது அடிப்படை, ஒற்றை வரிசை அறைகள். ஒரு நீளப் பக்கம் முழுக்க நடை, மறுபக்கம் முழுக்க அறைகள். அறையையும் நடையையும் பிரிப்பது தேக்கில் செய்த தள்ளுகதவு. அதன் சட்டங்கள் ஒன்றுக்கொன்று இடைவெளிவிட்டு, முன்னும் பின்னுமாகப் பொருத்தப்பட்டவை. அதனால் கதவைச் சாத்தினாலும் நடையில் போகிறவர் கண்ணுக்கு அறை தெரியாது, ஆனால் காற்று தடையின்றிப் போகும். தெற்குத் தோட்டத்துக் காற்று அறையைக் கடந்து, கதவைக் கடந்து, நடையைக் கடந்து வடக்குத் தோட்டத்தில் வெளியேறும் வழி பகலிலும் இரவிலும் திறந்தே இருக்கிறது. தங்குமிடம் கட்டுபவர்களுக்குக் காலங்காலமாக உள்ள சிக்கல் இதுதான். மறைவு வேண்டுமென்றால் கதவை அடைக்கவேண்டும், காற்று வேண்டுமென்றால் திறக்கவேண்டும். ஜப்பானியத் தட்டியிலிருந்து கற்ற ரேமண்டும் நகஷிமாவும் இரண்டையும் ஒரே கதவில் சாதித்தார்கள்.

மூன்றாவது, கூரை. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் கக்கும். மேல்மாடி அறையின் வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணமே இதுதான். கோல்கோண்டில் தளத்துக்கு மேலே, இடைவெளிவிட்டு, முன்வார்ப்பில் செய்த வளைந்த மெல்லிய கான்கிரீட் ஓடுகள் வரிசையாகப் பரப்பப்பட்டிருக்கின்றன. வெயில் அந்த ஓட்டில் விழுகிறது. ஓட்டுக்கும் தளத்துக்கும் நடுவே ஓடும் காற்று சூட்டை அடித்துக்கொண்டு போய்விடுகிறது.

உள்ளே கண்ணுக்குப் படுவது மிகக் குறைவு. கறுப்புக் கடப்பாக் கல் தரை. கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெருகேற்றிய வெண்பூச்சு, செட்டிநாட்டு வீடுகளில் நாம் தொட்டுப் பார்த்து வியக்கும் அதே பூச்சு. கட்டில், மேசை, அலமாரி எல்லாம் இந்தக் கட்டடத்துக்கென்றே செய்யப்பட்ட மரச்சாமான்கள். எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் கட்டடம் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. இது ஆசிரமத்தின் அமைதியான தங்குமிடம் என்பதால் சுற்றுலாக் காட்சிப் பொருளாக்கப்படவில்லை. உலகக் கட்டடக்கலை வரலாற்றில் இவ்வளவு மதிக்கப்படும் ஒரு கட்டடத்தைப் பற்றி நம் வாசகர்களில் பலர் கேள்விப்படாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கட்டிய முறை

கோல்கோண்டைப் பற்றி எழுதுபவர்கள் அதன் அழகில் நின்றுவிடுகிறார்கள். செஞ்சிக்கு அதைவிடப் பயன்படுவது அது கட்டப்பட்ட முறை.

ரேமண்டின் வரைபடம் கையில் கிடைத்ததும் நகஷிமா அடித்தளம் தோண்டவில்லை. முதலில் ஒரே ஓர் அறையை, முழு அளவில், எல்லா உறுப்புகளோடும் மாதிரியாகக் கட்டிப் பார்த்தார். பலகை எப்படிச் சுழல்கிறது, கான்கிரீட் எப்படி இறுகுகிறது, உள்ளூர் ஆட்களால் இந்த நுட்பத்தைச் செய்ய முடிகிறதா, உள்ளே காற்று எப்படி வருகிறது என்பதையெல்லாம் அந்த ஓர் அறையில் சோதித்த பிறகே, 1937இல் கட்டடப் பணி தொடங்கியது. இப்படியொரு கான்கிரீட் வேலைக்கு ஊரில் முன்னுதாரணம் இல்லாதபோது, சோதனை அறையே எல்லோருக்கும் பள்ளிக்கூடமாக இருந்தது.

வேலையில் பெரும்பங்கைச் சாதகர்களே எடுத்துக்கொண்டார்கள். அவர்களோடு கூலிக்கு அமர்த்திய ஆட்களும் இருந்தார்கள். நடுவே இரண்டாம் உலகப் போர் வந்தது. வெளிநாட்டுப் பொருள்கள் வருவது அரிதானது. கதவுக் கைப்பிடி, கீல் போன்ற உலோக உறுப்புகளுக்காகப் பக்தர்கள் கொடுத்த பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி, அங்கேயே வார்த்துக்கொண்டார்கள். ஒரு வீட்டின் சொம்பும் குண்டானும் கைப்பிடியாகி, இன்றும் யாரோ ஒருவர் கைபட்டுப் பளபளக்கின்றன. பற்றாக்குறை வந்தபோது தரத்தைக் குறைக்காமல் கைவேலையைக் கூட்டிய அந்த முடிவு, கோல்கோண்டின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பக்கம்.

இந்த வேகத்தில் கட்டியதால் 1940களின் முற்பாதிவரை பணி நீண்டது. ரேமண்ட் ஜப்பானுக்குத் திரும்பாமல் அமெரிக்கா போனார். சாமர் போரில் பிரித்தானியப் படையில் சேர்ந்தார். நகஷிமா அமெரிக்கா திரும்பிய சில ஆண்டுகளில், ஜப்பானிய வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்துக்காக 1942இல் குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்டார். அங்கிருந்து அவரை வெளியே எடுக்கப் பொறுப்பேற்று, பென்சில்வேனியாவில் இடம் கொடுத்தவர் ரேமண்ட். பின்னாளில் இருபதாம் நூற்றாண்டின் பெரும் மரவேலைக் கலைஞர்களில் ஒருவராக நகஷிமா அறியப்பட்டார். புதுச்சேரிப் பணிக்கு ஒப்பந்தமோ காலக்கெடுவோ பணக்கணக்கோ இருக்கவில்லை என்று ரேமண்ட் தம் தன்வரலாற்றில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

கல்யாண மகாலின் இரட்டைத் தோல்

கோல்கோண்டின் அறிவு செஞ்சிக்கு அயலானது என்று யாரும் நினைக்க வேண்டாம். கோட்டைக்குள், ராஜகிரியின் அடிவாரத்தில், அதே அறிவின் பழைய வடிவம் நிற்கிறது. கல்யாண மகாலைச் சொல்கிறேன்.

நாற்புறமும் அறைகள் சூழ்ந்த சதுர முற்றம். அங்கே சுமார் 80 அடி உயரத்துக்கு அடுக்கடுக்காக எழும்பி, கூம்பிய கூரையில் முடியும் சதுரக் கோபுரம். ஒவ்வொரு நிலையின் நடுவிலும் சிறிய அறை ஒன்று. அதைச் சுற்றி நாலாபுறமும் வளைவுகள் திறந்த தாழ்வாரம். வெயில் முதலில் தாழ்வாரத்தில் விழுகிறது. உள்ளறையின் சுவரை அது நேரடியாகத் தொடுவதே இல்லை. காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஏதோவொரு வளைவு அதை வாங்கிக்கொள்ளும். ரேமண்டின் லூவர் பலகைகள் மெல்லிய தோலாகச் செய்ததை, இந்தக் கோபுரம் தாழ்வாரம் என்ற தடித்த தோலால் செய்கிறது. இரண்டுமே வெயிலை ஆட்கள் இருக்கும் அறைக்கு வெளியே நிறுத்தும் உத்திதான்.

தண்ணீரும் இங்கே கட்டடத்தின் பகுதி. கோட்டைக்கு வெளியே தொலைவில் இருந்த நீர்நிலையிலிருந்து சுடுமண் குழாய்கள் வழியே இந்த மகாலுக்கு நீர் வந்திருக்கிறது. செட்டிகுளம், சக்கரக்குளம், குன்றின்மேல் உள்ள சுனைகள் என்று கோட்டை முழுவதும் நீர் தேங்கும் இடங்களைப் பார்த்தால், எட்டாண்டு முற்றுகையைத் தாங்கியது மதில் மட்டும் அல்ல என்பது விளங்கும். பெரும் படையைத் தங்கவைத்து, உண்ணவைத்து, குடிக்க நீர் கொடுத்த ஊர் இது. விருந்தினருக்கு இடம் கொடுக்கும் கலை செஞ்சிக்குப் புதிது கிடையாது.

செஞ்சிக்கும் புதுச்சேரிக்கும் கற்களின் உறவும் உண்டு. 1750 முதல் 1761வரை செஞ்சி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் செதுக்கப்பட்ட கருங்கல் தூண்கள் அந்த நூற்றாண்டில் செஞ்சியிலிருந்து கொண்டுபோகப்பட்டவை. அங்கிருந்து சற்றுத் தூரம் நடந்தால் கோல்கோண்ட். செஞ்சியின் தூண்களைப் புதுச்சேரி எடுத்துக்கொண்டது. புதுச்சேரியின் அறிவைச் செஞ்சி எடுத்துக்கொள்ள உரிமை உண்டு.

நகலெடுக்கக் கூடாத காரணங்கள்

எடுத்துக்கொள்வது என்றால் வடிவத்தை அப்படியே பெயர்த்து நடுவதன்று. மூன்று வேறுபாடுகளை நேராகப் பார்க்க வேண்டும்.

முதலாவது காற்று. புதுச்சேரியின் துன்பம் புழுக்கம். அங்கே பிற்பகலில் கடற்காற்று வரும், உடலில் காற்று பட்டாலே பாதிச் சுகம். செஞ்சியில் கடற்காற்று இல்லை. சுற்றிலும் கருங்கல் பாறைக் குன்றுகள். அக்னி நட்சத்திர நாள்களில் நண்பகல் காற்றே அனலாக வீசும். அந்த நேரத்தில் கட்டடத்தை முழுக்கத் திறந்துவைப்பது அறையைச் சூளையாக்கிவிடும். பகலில் மூடிக்கொண்டு, தடித்த சுவரின் குளிர்ச்சியில் இருந்து, இருட்டிய பின் எல்லாவற்றையும் திறந்து இரவுக் காற்றால் சுவரைக் குளிர்விப்பதே உள்நாட்டு ஊர்களுக்கு ஏற்ற முறை. நல்லவேளையாக, லூவர் பலகை திறக்கவும் மூடவும் ஆனது. புதுச்சேரியில் பெரும்பாலும் திறந்திருக்கும் அதே உறுப்பு, செஞ்சியில் நேரம் பார்த்துத் திறந்து மூட வேண்டியதாகும். கூடவே கோல்கோண்டைவிடக் கனமான சுவர் இங்கே தேவைப்படும். உள்ளூர்க் கருங்கல்லும் செங்கல்லும் அதற்கு இருக்கின்றன.

இரண்டாவது பொருள். கல்நார் நுரையீரலுக்குக் கேடு என்பது பின்னாளில் உலகறிந்த செய்தி. இன்று அந்தப் பலகையை மரத்திலோ சுடுமண்ணிலோ உலோகத்திலோ செய்யவேண்டும். கூரையில் வளைந்த கான்கிரீட் ஓட்டுக்குப் பதில், தளத்தின் மேல் இடைவெளிவிட்டு நாட்டோடு வேய்ந்தாலும் தத்துவம் அதேதான். தட்டோடு பதித்துச் சுண்ணாம்பு அடிக்கத் தெரிந்த மேஸ்திரிகள் நம்மிடம் இன்னும் இருக்கிறார்கள்.

மூன்றாவது பணம். கோல்கோண்ட் ஒரு வாணிக விடுதி அன்று. கூலி கேட்காத கைகளும் அவசரம் இல்லாத ஆண்டுகளும் அதற்குக் கிடைத்தன. வங்கிக் கடனில் கட்டுபவருக்கு இரண்டும் கிடைக்காது. ஒற்றை வரிசை அறை என்றால் அதே மனையில் அறைகளின் எண்ணிக்கை குறையும். இது உண்மையான இழப்பு, அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் கணக்கின் மறுபக்கமும் இருக்கிறது. நடையில் பகல் முழுக்க விளக்கு வேண்டாம். ஆண்டின் பல மாதங்களில் ஏ.சி. ஓடவேண்டிய நேரம் குறையும். மேல்மாடி அறையையும் கீழ்மாடி வாடகைக்கே விடலாம். கட்டும்போது ஒருமுறை செலவழிப்பதா, கட்டிய பின் மாதாமாதம் மின்கட்டணமாகச் செலவழிப்பதா என்ற கேள்வி இது. விடுதிக்காரர்கள் முதல் செலவை மட்டும் பார்க்கிறார்கள். ஊரோ இரண்டாவது செலவையும் சேர்த்துச் சுமக்கிறது. ஏனெனில் ஒவ்வோர் ஏ.சி.யும் அறையிலிருந்து இழுத்த சூட்டைத் தெருவில்தான் கொட்டுகிறது.

எங்கே கட்டுவது: கண்டலம தரும் விடை

விடுதி எப்படி இருக்கவேண்டும் என்பதற்குக் கோல்கோண்ட் என்றால், எங்கே இருக்கவேண்டும் என்பதற்கு இலங்கையில் ஒரு பாடம் உண்டு. சிகிரியாக் குன்றுக் கோட்டை 1982இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. பாறைமேல் கோட்டை, அடிவாரத்தில் தோட்டமும் குளமும் என்று செஞ்சியை நினைவூட்டும் இடம். அங்கே ஓர் ஓட்டல் கட்ட ஒரு நிறுவனம் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவை அழைத்தது. சிகிரியாவின் காலடியில் ஓட்டல் கட்ட பாவா மறுத்துவிட்டார். பல கிலோமீட்டர் தள்ளி, கண்டலம ஏரிக்கரையில், தொலைவில் சிகிரியா தெரியும் ஒரு பாறைச் சரிவைத் தேர்ந்தார்.

அந்த இடத்துக்கும் எதிர்ப்பு வந்தது. ஏரிக்கும் சுற்றுப்புறத்துக்கும் கேடு வரும் என்று 1990களின் தொடக்கத்தில் மக்கள் போராடினார்கள். 1994இல் திறந்த அந்த ஓட்டல், பாறையை வெட்டாமல் தூண்கள்மேல் நின்று, மலைச்சரிவின் வளைவைப் பின்பற்றி நீண்டு செல்கிறது. கூரையில் செடிகள். முகப்பெங்கும் மரச்சட்டங்களில் படர்ந்த கொடிகள். இன்று ஏரியின் மறுகரையிலிருந்து பார்ப்பவர்கள் கட்டடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். அலங்காரமில்லாத கான்கிரீட்டும் நேர்கோடும் கொண்ட முழு நவீனக் கட்டடம் அது. கோட்டை போல வேடமிடாமலே கோட்டைக்கு மரியாதை செய்தது.

சென்னையிலும் பாவாவின் கைவண்ணம் உண்டு. 1930களில் புதுவடிவம் பெற்ற கன்னிமாரா ஓட்டலை 1970களில் அவர் விரிவாக்கினார். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்கள் நம் ஊர் விடுதிகளுக்கு வரமாட்டார்கள் என்ற எண்ணத்துக்குக் கன்னிமாராவும் கோல்கோண்டும் போதுமான மறுப்பு.

செஞ்சியில் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர்வரை புதுக் கட்டடம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி பெற்றே கட்டலாம் என்கிறது 2010இல் திருத்தப்பட்ட தேசியச் சட்டம். ஆனால் 300 மீட்டருக்கு அப்பால் எழும்பும் ஏழுமாடிக் கண்ணாடிக் கட்டடமும் ராஜகிரி உச்சியிலிருந்து கண்ணில் குத்தும். மூன்று குன்றுகளும் அவற்றுக்கு இடையே உள்ள வெளியும் சேர்ந்துதான் செஞ்சி. திண்டிவனம் – திருவண்ணாமலைச் சாலை ஏற்கெனவே அந்த வெளியை ஊடறுத்துப் போகிறது. அந்தச் சாலையின் இருபுறமும் விடுதி வரிசை எழும்ப விடக்கூடாது. புதிய விடுதிகள் ஊரின் கிழக்குப் பக்கம், வீடுகளின் உயரத்தைத் தாண்டாமல், குன்றுகளைப் பார்த்தபடி நிற்கட்டும்.

செய்யக்கூடிய ஒன்று

இவ்வளவு சொன்ன பிறகு, செஞ்சியில் ஒரு கோல்கோண்டைக் கட்டுங்கள் என்று யாரிடமும் நான் கேட்கப்போவதில்லை. கேட்பது நகஷிமாவின் முதல் அடியை மட்டும். சுற்றுலாத் துறையோ, பேரூராட்சியோ, விடுதி கட்ட முன்வரும் தனியாரோ, முழுக் கட்டடத்துக்குக் கடைக்கால் தோண்டுமுன் ஒரே ஓர் அறையைக் கட்டட்டும். வடக்கு–தெற்கு பார்த்த அறை. இருபுறமும் திறப்பு. சாய்த்து மூடும் பலகை. காற்றைத் தடுக்காத, கண்ணை மட்டும் தடுக்கும் கதவு. இரட்டைக் கூரை. உள்ளூர்க் கல்லும் சுண்ணாம்பும், உள்ளூர்க் கொத்தனாரும் தச்சரும். ஒரு சித்திரை வைகாசி முழுக்க அந்த அறையில் ஆட்கள் தங்கட்டும், வெப்பமானியை வைத்து உள்ளேயும் வெளியேயும் குறிப்பெடுக்கட்டும். பக்கத்திலேயே வழக்கமான லாட்ஜ் அறை ஒன்றின் அளவையும் சேர்த்து, இரண்டையும் ஊரார் பார்க்கும்படி வெளியிடட்டும்.

ஓர் அறையின் செலவு எந்தத் திட்டத்துக்கும் பாரமாகாது. அறை தோற்றால் திருத்திக்கொள்ளலாம். நூறு அறைகளைக் கட்டிய பிறகு திருத்த வழியில்லை. வென்றால், செஞ்சியைச் சுற்றியுள்ள கொத்தனார்களுக்கும் தச்சர்களுக்கும் ஒரு புதுத் தொழிற்பாடம் கையில் இருக்கும். விடுதிக்கு மட்டுமல்லாமல் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் தங்கள் சொந்த வீட்டுக்கும் அவர்கள் அதைக் கொண்டுபோவார்கள். 1930களில் போர் நெருங்கிக்கொண்டிருந்தபோது, பொருளும் பழக்கமும் இல்லாத ஊரில் சிலர் அந்தப் பொறுமையைக் காட்டினார்கள். உலகப் பாரம்பரியப் பெயரையும் அதனால் வரும் வருமானத்தையும் பெற்றிருக்கும் ஊர், ஒரு கோடைக்காலப் பொறுமையையாவது காட்டவேண்டும். முதல் பெரிய விடுதியின் வரைபடம் அனுமதிக்கு வருவதற்குள் அந்த அறை எழும்பியிருக்க வேண்டும்.